செவி பிந்தி வந்த பயணம்: பேர்ண் நகரில் முதல் ஐந்து நாட்கள்

முதலாம் நாள், வியாழன்

மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வாகனத்தில் ஏறியபோது புதன்கிழமை பின்னேரம் நான்கு மணி. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தங்கச்சி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது இந்நாட்டு நேரப்படி வியாழன் பின்னேரம் நாலரை. நம்மூர் மணிக்கூட்டில் இரவு எட்டு. இடைப்பட்ட 28 மணித்தியாலங்களில் ஆகாயத்தில் கழிந்தவை பதினொன்றுக்குச் சற்று அதிகம். மிச்சமெல்லாம் தெருவிலும் வரிசையிலும் விமான நிலையக் கதிரைகளிலும் போயின.

புறப்படும்போது தங்கச்சி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். அதைத்தான் கொண்டுவர முடியாது. முட்டியில் உறைந்த எருமைத் தயிர். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பாற்பொருளும் இறைச்சியும் கொண்டுவர சுவிஸ் சுங்கம் விடாது. ஆகவே அதற்கு ஈடாக மரமுந்திரிகைப் பருப்பு இரண்டு கிலோ, வறுத்த சிவப்பரிசி மா, மச்சானுக்கு மருதமுனைத் தறியில் நெய்த சாரம் இரண்டு என்று பெட்டி நிரம்பியது. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வழக்கம்போல வாவியைப் பார்த்தேன். 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஓடும் வாகனத்திலிருந்து பக்கத்தில் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பார்ப்பது, பதவி உயர்ந்தவர் தன் பழைய மேசையைப் பார்ப்பதைப் போலிருக்கும்.

மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டும்போது இருள் பிடித்திருந்தது. கபறணைக்கு இப்பால் யானை ஒன்று தெருவோரம் நின்றதால் கால் மணித்தியாலம் விளக்கை அணைத்துக் காத்திருந்தோம். வாகனத்தின் குளிர்காற்று நேரே முகத்தில் அடித்ததில் பொலன்னறுவையிலேயே எனக்குத் தடிமன் தொடங்கிவிட்டது. இந்தத் தடிமனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

கட்டுநாயக்கவிலிருந்து டோகாவுக்கு ஐந்து மணித்தியாலம். அங்கிருந்து சூரிச்சுக்கு ஆறுக்குச் சற்று மேல். சூரிச்சில் விமானம் இறங்கத் தொடங்கியதும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. விமானத்துக்குள் காற்றழுத்தம் இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலையுச்சியில் இருக்கும் அளவுக்குக் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். இறங்க இறங்க அது கூடும். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து மூடி அதைச் சமப்படுத்தும். தடிமன் பிடித்தவனுக்கு அந்தக் குழாய் வீங்கி அடைத்திருப்பதால் வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளிவிடுகிறது. எச்சில் விழுங்கினேன், கொட்டாவி விட்டேன், பணிப்பெண் தந்த இனிப்பைச் சூப்பினேன். ஒன்றும் பலிக்கவில்லை. தலையணைக்குள் தலையைப் புதைத்தவனைப் போல ஒரு புதிய நாட்டில் இறங்கினேன்.

அந்த நாட்டில் என் காதில் விழுந்த முதற் சத்தம் மாட்டின் குரல். மிகைப்படுத்தவில்லை. நாங்கள் இறங்கிய கட்டடத்திலிருந்து பிரதான கட்டடத்துக்கு நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு சிறு வண்டி ஓடுகிறது. சக்கரம் இல்லை, காற்று மெத்தையின் மேல் கம்பிவடம் இழுத்துச் செல்கிறது. ஓடும்போது பசுவின் கழுத்து மணியும் அது கத்தும் சத்தமும் ஒலிபெருக்கியில் வரும்; சுரங்கச் சுவரில் ஒரு பெண்பிள்ளையின் படம் அசைந்து கண்ணைக் காட்டும். அடைத்த காதுக்குள் அந்த அம்மா ஓசை தூரத்துப் பட்டியிலிருந்து வருவதுபோல வந்தது. பின்னேரத்தில் வாகரைப் பக்கம் மாடு சாய்த்து வருகிறவர்களின் நினைவு வந்து தனியே சிரித்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒதுங்கி நின்றார்.

விமான நிலையத்துக்குக் கீழேயே புகையிரத நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பேர்ணுக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். நிலையத்தில் நின்ற மருமகள் என்னைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். வாயசைவு மட்டும் தெரிந்தது. வழியெல்லாம் தூங்கி விழுந்தேன். பேர்ண் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு அவள் தோளைத் தட்டி இடப்புறம் காட்டினாள். புகையிரதம் உயர்ந்த பாலமொன்றின் மேல் போய்க்கொண்டிருந்தது. வெகு கீழே, பச்சையும் நீலமும் கலந்த, பால் சிறிது ஊற்றியதைப் போன்ற நீர். அதற்கு அப்பால் மேட்டின்மேல் ஓட்டுக் கூரைகள், நடுவே ஒற்றைக் கோபுரம். பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைவது எனக்குப் பழகிய காரியம் என்பதால் அந்த ஒரு நிமிடத்தில் அன்னியம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

இரவு இரண்டு மணிக்கு விழித்துவிட்டேன். நம்மூரில் அப்போது காலை ஐந்தரை. நாற்பது வருடமாக நான் எழும்பும் நேரம். கோடையில் இரண்டு நாட்டுக்கும் மூன்றரை மணித்தியாலம் வித்தியாசம் என்பது கணக்கில் விளங்கும், வயிற்றுக்கு விளங்காது. தேத்தண்ணி ஊற்றுவதற்குக் கேத்தலைத் தேடி, தட்டுமுட்டுச் சத்தம் எழுந்துவிடுமோ என்று பயந்து, வெறுங்கையோடு மாடி விறாந்தையில் போய் இருந்தேன்.

எட்டு மாடிக் கட்டடம். எதிரிலும் அதேபோல் ஒன்று. ஓரிடத்திலும் விளக்கு இல்லை, நாய் இல்லை, தவளை இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. கல்லடியில் அந்த நேரத்தில் கடல் இரைந்துகொண்டிருக்கும். கோயில் ஒலிபெருக்கி தொடங்கியிருக்கும். பாண்காரர் இனி வருவார். இந்த அமைதி ஊருடையதா என் காதினுடையதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போனதுதான் அந்த இரவின் விசேடம். விரல் நகத்தால் கதிரைக் கையைச் சுரண்டிப் பார்த்தேன். மெல்லியதாகக் கேட்டது. அப்படியானால் கொஞ்சம் ஊருடையதும்தான்.

காலையில் படிக்கட்டில் ஒரு முதியவள் என்னைப் பார்த்து வாயசைத்தாள். மருமகள் பிறகு விளக்கினாள். அது இவ்வூர் வணக்கம். தெரியாதவரானாலும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சொல்லியாக வேண்டும். சூரிச்சில் அதையே வேறுவிதமாகச் சொல்வார்களாம். பேர்ண்காரரின் பேச்சு இழுத்து இழுத்து மெதுவாக வருவதென்று மற்ற ஊரவர் பகிடி பண்ணுவார்களாம். கொழும்பில் வேலைசெய்த காலத்தில் நான் ‘பிறகு’, ‘மறுபடி’ என்பதற்கு ‘மறுகா’ என்று சொன்னதும் சிரித்த யாழ்ப்பாணத்து நண்பர்களை நினைத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், இங்கேயே பிறந்த இந்தப் பிள்ளை பேர்ண் ஜேர்மனுக்கு அடுத்தபடியாகப் பேசுவது கலப்பில்லாத மட்டக்களப்புத் தமிழ். “மறுகா என்ன மாமா, காது இன்னும் துறக்கல்லையா?” என்று அவள் கேட்டபோது, தாயிடமிருந்து மட்டுமே மொழி கற்ற பிள்ளைக்குத் தொலைக்காட்சித் தமிழ் கலக்கவில்லை என்பது விளங்கியது. எங்கள் தெருப் பிள்ளைகளே அந்தச் சொல்லைக் கைவிட்டு வருகிறார்கள்.

பின்னேரம் கோயிலுக்குப் போனோம். ஐரோப்பா சதுக்கம் என்ற இடம். மேலே நெடுஞ்சாலைப் பாலம், பக்கத்தில் புகையிரதப் பாதை, நடுவே கண்ணாடி முகப்புள்ள கட்டடம். 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘சமயங்களின் இல்லம்’ அதுதான். சைவக் கோயில், பள்ளிவாசல், கிறித்தவ ஆலயம், பௌத்த நிலையம், அலெவி என்ற சமயப் பிரிவினரின் வழிபாட்டிடம் என்று ஐந்தும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. சைவநெறிக்கூடம் நடத்தும் ஞானலிங்கேச்சுரர் கோயிலில் பூசை தமிழிலேயே நடக்கிறது. ஊரில் சமசுகிருத மந்திரத்துக்குக் கைகூப்பி நின்று பழகியவன், இத்தனை தூரம் வந்து சொல்லுக்குச் சொல் விளங்கும் பூசையைக் காணவேண்டியிருந்தது. காது அடைத்திருந்ததால் அதிலும் பாதிதான் கிடைத்தது.

2009இல் இனிமேல் மினாராக்கள் கட்டக்கூடாதென்று மக்கள் வாக்கெடுப்பில் முடிவெடுத்த நாட்டின் தலைநகரில்தான் ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தக் கட்டடமும் எழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இவர்களை மெச்சவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. எனக்குப் பட்டது வேறொன்று. ஆரையம்பதியில் கோயில் மணியும் காத்தான்குடி பாங்கோசையும் ஒரே காற்றில் கலந்து வரும். அதனால் சில வேளை மனத்தாங்கலும் வரும். இங்கே சுவர் தடிப்பு. ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. ஒருவரையொருவர் காண்பதென்றால் கீழேயுள்ள உணவுச்சாலையில் காணலாம்.

மூன்றாம் நாள், சனி

நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய வரைபடத் தாள்களில் நமது வாவியின் கரையை மை தொட்டு எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியில் மட்டக்களப்பு நகரம் அமைந்த புளியந்தீவைச் சுற்றும்போது பேனையை எந்த இடத்தில் தூக்கவேண்டும் என்பது கைக்குத் தெரியும். ஆகவே பேர்ணின் பழைய நகரைப் பார்க்க நான் முதலில் போகக் கேட்டது தெருவுக்கு அல்ல, எதிர்க்கரையிலுள்ள ரோசாத் தோட்டத்துக்கு.

மேட்டில் நின்று பார்த்தால் விளங்கிவிடுகிறது. ஆரே ஆறு தெற்கிலிருந்து வந்து, ஊரின் மூக்கைச் சுற்றித் திரும்பி, மறுபக்கமாக மேற்கே போகிறது. மூன்று பக்கம் ஆழமான பள்ளத்தில் நீர்; ஒரு பக்கம் மட்டும் நிலம். 1191இல் சேரிங்கன் கோமகன் ஐந்தாம் பேர்ட்டோல்ட் இந்த நுனியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் தேவையில்லை. மதில் கட்டவேண்டியது மேற்கில் மட்டும்தானே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் புளியந்தீவில் கோட்டை போட்டதும் இதே கணக்கில்தான். ஊர் பெருக்கப் பெருக்க மேற்கு மதில் நகர்ந்துகொண்டே போயிற்று. இன்று உலகம் வந்து படம்பிடிக்கும் மணிக்கூட்டுக் கோபுரம் அந்த முதலாவது மதிலின் வாசல். மூன்றாவது வாசலை 1865இல் இடித்துவிட்டார்கள். அதன் அடித்தளம் புகையிரத நிலையத்தின் சுரங்க நடைபாதையில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பொதி சுமந்து ஓடுகிறவர் ஒருவரும் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கீழே இறங்கினால் எல்லா வீடும் ஒரே பச்சைச் சாம்பல் நிற மணற்கல். 1405இல் பெருந்தீயில் மரவீடுகள் எரிந்த பிறகு கல்லால் கட்டிய நகரம். வீடுகளின் முன்பகுதி தெருவின்மேல் நீண்டு, கீழே வளைவுகளாலான நடைபாதையாகிறது. அப்படி ஆறு கிலோமீற்றர் மழை படாமல் நடக்கலாம் என்கிறார்கள். நம்மூர் மாரியில் இப்படியொன்று இருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றியது. ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த கிராம்காசே 49ஆம் இலக்க வீடும் அந்த வளைவுகளுக்கு மேலேதான். உள்ளே போக வரிசை நீளம்; வாசலோடு திரும்பினோம். கரடித் தோட்டத்தில் கரடி தூங்கிக்கொண்டிருந்தது; அதற்கும் நேர வித்தியாசம் போலும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கூட்டம் கூடியது. மணி அடிப்பதற்குச் சற்று முன்பே பொம்மைகள் தொடங்கிவிடும். சேவல் சிறகடித்து வாயைத் திறந்தது. கோமாளி மணியை ஆட்டினான். சிறு கரடிகள் வட்டம் சுற்றின. எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். எனக்கு அது ஊமைப் படம். “சேவல் கூவினதா?” என்று மருமகளைக் கேட்டேன். கூவியதாம், ஆனால் இருமலைப் போலத்தான் இருந்ததாம்.

பிள்ளைகளைப் பைக்குள் போட்டு ஒன்றை வாயில் கடித்துக்கொண்டிருக்கும் இராட்சதன் சிலையுள்ள நீர்த்தொட்டி ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டுச் சிலை. ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. அதன் விளிம்பில் இருந்தேன். தூக்கம் தாங்காமல் தாடை விரியக் கொட்டாவி விட்டேன். முதலில் வலக்காதில் பட்டென்று ஒரு வெடிப்பு, பிறகு இடப்பக்கம். இரண்டு நாளாகக் கேட்காதிருந்த உலகம் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. விழுந்தது என்ன தெரியுமா? தண்ணீர். முதுகுக்குப் பின்னால் குழாயிலிருந்து தொட்டியில் கொட்டும் தண்ணீர், அதற்கப்பால் யாரோ ஒருவருடைய சப்பாத்துக் குதி, ஒரு கரண்டி கோப்பையில் படுவது. அவ்வளவுதான். ஆயிரம் பேர் நடக்கும் தெருவில், சனிக்கிழமை மத்தியானத்தில். இவ்வூரின் அமைதி என் காதினுடையது அல்ல என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

நான்காம் நாள், ஞாயிறு

கடை இல்லை. புகையிரத நிலையத்துக்குள் இருப்பவை தவிர எல்லாம் பூட்டு. கட்டடத்தின் நிலக்கீழறையில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான சலவை இயந்திரத்துக்கு முறை எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஞாயிறுக்கு இடமே இல்லை. கண்ணாடிப் போத்தலைச் சேகரிப்புத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் எழும். ஆணி அடிக்கக்கூடாது. நான் கொண்டுவந்த மாவைப் பார்த்துப் பிட்டு அவிக்க ஆசைப்பட்ட தங்கச்சி, தேங்காயை உடைக்காமல் பெட்டித் துருவலை எடுத்தாள்.

ஆனால் காலை ஒன்பது மணிக்குத் தேவாலயங்களின் மணிகள் தொடங்கின. பேராலயத்துப் பெரிய மணி 1611இல் வார்த்தது, ஏறத்தாழ 10 தொன், நாட்டிலேயே பெரியது. தேங்காய் உடைக்கத் தடையுள்ள ஊரில் அதற்குத் தடையில்லை. எந்தச் சத்தம் இரைச்சல், எந்தச் சத்தம் அல்ல என்பதை அங்கே முதலில் வந்து குடியிருந்தவர்கள் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள், நம்மூரிலும் அப்படித்தான்.

பகல் மச்சான் கதை சொன்னார். எண்பதுகளில் வந்தவர். வந்த புதிதில் ஓர் உணவகத்தின் கீழ்த்தளத்தில் கோப்பை கழுவினார். மொழி தெரியாமல், வெயில் காணாமல் மூன்று வருடம். அந்த முதலாளி சம்பளத்தை எப்படியெல்லாம் பிடித்தார் என்பதையும் சொன்னார். “அப்ப எனக்குத் தெரிஞ்ச சத்தமெல்லாம் அந்த மெசின்ட சத்தந்தான்” என்றார். தங்கச்சி ஒன்றும் பேசாமல் பிட்டை எடுத்து வைத்தாள். அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறாள்.

இரவு ஒன்பதரை மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. ஆறரைக்கு இருட்டிப் பழகியவனுக்கு அது யாரோ விளக்கணைக்க மறந்த வீடு போல இருந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்

ஆற்றின் பெயரை இவர்கள் ஆரே என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ‘ஆறே’ என்றுதான் கேட்கிறது. ஆல்ப்ஸ் பனிப்பாறைகளில் பிறந்து, இரண்டு ஏரிகளில் தங்கி, ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடி ரைனில் சேர்கிறது. நமது மகாவலி 335. புகையிரதத்திலிருந்து பார்த்த அந்த நிறம், பனிப்பாறை அரைத்த கல்மாவினால் வருவது.

வேலை முடிந்த ஆட்கள் உடுப்பையும் சப்பாத்தையும் தண்ணீர் புகாத பையில் கட்டிப்போட்டு ஆற்றில் விழுந்து மிதந்து போவதை மருமகள் காட்டினாள். நாடாளுமன்றத்துக்கு நேர் கீழே மார்ட்சிலி என்ற குளிப்பிடம், நுழைவுக்குக் காசில்லை. அங்கே உடுப்பை வைத்துவிட்டு மேலோட்டப் பக்கமாக இருபது நிமிடம் நடந்து, தண்ணீரில் இறங்கி, ஓட்டத்தோடு வந்து, கரையிலுள்ள சிவப்புக் கம்பிகளில் ஒன்றைப் பிடித்து ஏறவேண்டும். கடைசிக் கம்பியைத் தவறவிட்டால் கீழே அணைக்கட்டு, உயிருக்கு ஆபத்து. முதலாம் கம்பியிலேயே ஏறிவிடுவதென்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

வாவியால் சூழப்பட்ட ஊரில் அறுபத்தேழு வருடம் இருந்தும் அதில் இன்பத்துக்காக நான் இறங்கியதில்லை. தோணியில் போவோம், தூண்டில் போடுவோம். முதலை உண்டு என்ற பயம் ஒருபக்கம். நீந்தப் பழகியதெல்லாம் கல்லடிக் கடலில். இந்தத் தண்ணீரோ பத்தொன்பது பாகை. முழங்கால் நனைந்ததும் மூச்சு நின்றது. “ஒரேயடியா விழுங்க மாமா, யோசிச்சா ஏலாது” என்றாள். விழுந்தேன். அடுத்த கணம் கரை என்னைக் கடந்து ஓடியது. வேகமாக நடக்கிற மனிதனின் வேகத்தில் மரங்களும் ஆட்களும் பின்னால் போயின. நான் கையைக்கூட அசைக்கவில்லை.

“காதத் தண்ணிக்குள்ள வையுங்க” என்று கத்தினாள்.

அடைத்துத் திறந்த காது, யோசித்தேன். பிறகு மல்லாந்து தலையைத் தாழ்த்தினேன். மேலே எல்லாச் சத்தமும் அறுந்தது. கீழே ஒன்று தொடங்கியது. சுளகில் நெல்லைக் கொழிக்கும்போது எழும் சரசரப்பு. ஆனால் நிற்காதது, ஆறு முழுவதும் பரந்தது, இடையிடையே கண்ணாடி வளையல் உரசுவதைப் போல் கிணுகிணுப்பது. ஆற்றடியில் கூழாங்கற்கள் ஓட்டத்தோடு உருண்டு ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. கரையில் நிற்கிறவருக்கு அது கேட்காது.

நிலாக்காலத்தில் அப்பா என்னைக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கொண்டுபோய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கச் சொன்ன இரவு எனக்கு ஏழு வயது இருக்கும். வாவிக்குள் பாடுவது மீன் என்பார் சிலர், ஊரி என்னும் நத்தையினம் என்பார் அப்பா. யேசுசபைத் துறவி லாங் அடிகளார் 1950களில் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்த கதையை அவர்தான் சொன்னார். அன்று நான் கேட்டது தந்தியை மீட்டினாற்போல் நீண்ட ஒற்றைச் சுரம். இது அதுவல்ல, இதில் சுரமே இல்லை. காதை வைத்தால்தான் கேட்கும் என்பது மட்டும் ஒன்று.

சிவப்புக் கம்பி வந்தது. மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க, படியில் முழங்கால் உராய்ந்து ஏறினேன். பல்லுக் கிட்டியது. அவள் துவாயை நீட்டினாள்; வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேலோட்டப் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

“எங்க மாமா?”

“மறுகா ஒருக்கா” என்றேன்.